மாட்டுக்கு ஊசி கழுத்தில் போடுங்கள், சப்பையில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும்போதெல்லாம் நாளிதழ்களில் ஒரு படம் வரும். கட்டுத்தறியில் மாடு காடியைப் பார்த்து நிற்கும்; ஒருவர் அதன் பின்னால் நின்று சப்பையில், அதாவது பின்தொடையின் மேற்சதையில், ஊசி குத்திக்கொண்டிருப்பார். தடுப்பூசி போடுவது நல்ல காரியம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஊசி இறங்கும் இடம்தான் தவறு. பால் மாடோ, உழவு மாடோ, எருமையோ, பெரும்பாலானவை கடைசியில் கறிக்குத்தான் போகின்றன. பொள்ளாச்சி, மணப்பாறை, கருங்கல்பாளையம் சந்தைகளில் கைமாறும் கறவை வற்றிய மாடுகள் எங்கே போகின்றன என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அந்தக் கறியை நம் ஊர்களிலும் கேரளத்திலும் ஏராளமானோர் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மாட்டைக் குத்தும் ஊசி ஒருவருடைய உணவில் இறங்குகிறது என்ற நினைப்பு, ஊசியைக் கையில் எடுக்கும் எல்லோருக்கும் வேண்டும். அதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஊசி மருந்து சதைக்குள் போனதும் அங்கே காயம் உண்டாகிறது. ஊசி முனை கிழித்த தசை ஒருபுறம். அதைவிடப் பெரிய சேதம் மருந்து கரைந்திருக்கும் திரவத்தால் வருவது. நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற கெட்டி மருந்துகள் தொட்ட இடத்தில் தசையைச் சாகடிக்கின்றன. செத்த தசையை உடல் கரைத்து அகற்றுகிறது. ஆனால் அந்த இடத்தில் மறுபடி தசை வளர்வது கொஞ்சம்தான். மிச்சத்தை நார்த்திசுவும் கொழுப்பும் அடைத்துக்கொள்கின்றன. சில இடங்களில் சுண்ணாம்பு படிந்து கெட்டியான முடிச்சாகிவிடுகிறது. எண்ணெய் கலந்த தடுப்பூசியாக இருந்தால் அந்த எண்ணெயைச் சுற்றி உடல் ஒரு கட்டியைக் கட்டி வைக்கிறது. ஊசியோடு அழுக்கும் உள்ளே போயிருந்தால் சீழ்க்கட்டி. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோல் ஆறிவிடும், வீக்கம் வடிந்துவிடும், மாடு நன்றாக நடக்கும். கறிக்கடையில் தொடையைப் பிரித்துத் துண்டு போடும்போதுதான் வெளிர்நிறத் தழும்போ, பச்சை மஞ்சளாகச் சீழோ கத்தியில் தட்டுப்படும்.

சின்னத் தழும்புதானே, அதை மட்டும் வெட்டி எறிந்தால் போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அது அவ்வளவோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 1991-ல் முதன்முறையாக மாட்டிறைச்சித் தரத்தை நாடு தழுவிய அளவில் தணிக்கை செய்தபோது ஊசித் தழும்பு ஒரு பெரிய இழப்பாகத் தெரியவந்தது. அதைத் தொடர்ந்து கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், தழும்பின் நடுவிலிருந்து சுமார் 3 அங்குலம் தள்ளியிருக்கும் கறிகூட விறைப்பாகிவிடுவது அளந்து காட்டப்பட்டது. கண்ணுக்கு நல்ல கறியாகத் தெரிவதும் வாயில் நாராக இருக்கும். கன்றாக இருந்தபோதும் பால்மறக்கும் பருவத்திலும் போட்ட ஊசியின் தழும்பு, மாதங்கள் பல கழித்து அறுக்கும்போதும் அப்படியே இருந்தது. வெறும் 2 மி.லி. தடுப்பூசிகூடத் தழும்பு விட்டிருந்தது. சின்னக் கன்றுதானே, வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை.

பிறகு ஏன் எல்லோரும் சப்பையில் போடுகிறோம்? கற்றுக்கொடுத்தவர் அப்படிப் போட்டார் என்பது ஒரு காரணம். கட்டுத்தறியின் அமைப்பு இன்னொரு காரணம். எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது. மாட்டின் தலை சுவரை ஒட்டிய காடியில் இருக்கும். இரண்டு பக்கமும் வேறு மாடுகள். கொம்பைத் தாண்டி முன்னால் போக இடமும் இல்லை, தைரியமும் இல்லை. பின்பக்கம் மட்டும் திறந்து கிடக்கும். சதை திரண்ட இடமாகவும் தெரியும். அதனால் கை தானாகச் சப்பைக்குப் போகிறது. ஆனால் கறியில் விலை கூடிய சதை அங்கேதான் இருக்கிறது. அதோடு பின்தொடையின் வழியாகக் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. மெலிந்த மாட்டிலும் கன்றிலும் ஊசி அதன் மேலோ பக்கத்திலோ இறங்கிவிட்டால் கால் இழுத்து நடக்கும், சில மாடுகள் அப்படியே நொண்டியாகிவிடும். உதை வாங்கும் ஆபத்தும் பின்பக்கத்தில்தான் அதிகம். சப்பையில் போட்டால் மருந்து சீக்கிரம் ஏறும் என்பதும் வெறும் நம்பிக்கை. கழுத்துச் சதையிலிருந்து மருந்து ரத்தத்தில் சேர்வது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

சரியான இடம் கழுத்துதான். கழுத்தில் எங்கே வேண்டுமானாலும் குத்தலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மாட்டின் பக்கவாட்டில் நின்று கழுத்தைப் பார்த்தால் ஒரு முக்கோணம் பிடிபடும். மேல் எல்லை, பிடரியில் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும் நார்ப்பட்டை. கீழ் எல்லை, கழுத்தெலும்பு வரிசை; தலையிலிருந்து தோளை நோக்கிச் சரிந்து இறங்குவதைத் தடவிப் பார்த்தால் தெரியும். பின் எல்லை, தோள்பட்டை எலும்பின் முன்விளிம்பு. உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோள்பட்டையின் முன்விளிம்பை ஒட்டி வைத்து விரல்களைத் தலைப்பக்கம் நீட்டினால், கழுத்தின் நடு உயரத்தில் கை மூடும் இடம்தான் ஊசிக்கான இடம். பிடரிக்கு மிக அருகில் குத்தினால் நாரில் மருந்து தேங்கிச் சீழ் பிடிக்கும். எலும்புக்குக் கீழே இறங்கினால் ரத்தக்குழாய் ஓடும் பள்ளம், அதற்கும் கீழே மூச்சுக்குழல். கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியில் போடவே கூடாது. திமிலிலும் கூடாது.

கழுத்தில் ஊசி போட மாட்டை நிறுத்தும் முறையை மாற்ற வேண்டும். கால்நடை மருந்தகங்களில் டிராவிஸ் என்கிற கம்பிச் சட்டம் இருக்கும். சினை ஊசிக்கு அதில் ஏற்றும் மாட்டைத் தடுப்பூசிக்கும் ஏற்றலாம். வீட்டில் என்றால் காடியிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து ஒரு மரத்திலோ கல்தூணிலோ தலையைக் குட்டையாகக் கட்டி, மாட்டின் ஒரு பக்கம் சுவரையோ வேலியையோ ஒட்டி நிற்கச் செய்ய வேண்டும். ஒருவர் மூக்கணாங்கயிற்றையும் கொம்பையும் பிடித்துத் தலையைத் தன் பக்கம் லேசாகத் திருப்பிக்கொள்ளட்டும். ஊசி போடுபவர் மறுபக்கத்தில் தோளை ஒட்டி நிற்கட்டும். தோளோடு ஒட்டி நிற்பவரை மாடு எளிதில் உதைக்கவும் முடியாது, முட்டவும் முடியாது. ஒரு மாட்டுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகலாம். அந்த இரண்டு நிமிடத்தைச் சேமிக்கத்தான் இவ்வளவு கறியைக் கெடுக்கிறோம்.

அடுத்து, தோலடி ஊசியா சதை ஊசியா என்பது. லேபிளில் இரண்டுக்கும் அனுமதி இருந்தால் தோலடியையே தேர்ந்தெடுக்க வேண்டும். தோலடியில் போட்ட மருந்தால் தழும்பு வந்தாலும் அது தோலோடு உரிந்து போய்விடும், கறிக்குள் இறங்காது. கருச்சிதைவு நோய்க்குக் கிடாரிக் கன்றுகளுக்குப் போடும் புருசெல்லா தடுப்பூசி, தோல் கழலை நோய்க்குப் போடப்படும் ஆட்டம்மைத் தடுப்பூசி, பூச்சி மருந்தான ஐவர்மெக்டின் எல்லாமே தோலடி ஊசிகள்தான். இவற்றைச் சதைக்குள் இறக்குவது லேபிளுக்கும் விரோதம், கறிக்கும் விரோதம். எண்ணெய் கலந்த கோமாரித் தடுப்பூசி ஆழ்சதையில் போட வேண்டியதாக இருக்கும். பெரும்பாலும் 2 மி.லி. அதையும் இதே கழுத்து முக்கோணத்தில் போடலாம்.

தோலடி ஊசிக்கு முக்கோணத்தின் நடுவில் தோலை இரண்டு விரலால் கூடாரம்போல் தூக்கி, அடிப்பகுதியில் சாய்வாக ஊசியைச் செலுத்த வேண்டும். உள்ளே போனதும் ஊசி முனை தடையில்லாமல் பக்கவாட்டில் அசைந்தால் தோலடியில் இருக்கிறது என்று அர்த்தம். மறுபக்கத் தோலைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் மருந்து முடியில் வழியும். கைக்கு ஈரம் தட்டுப்படும். சதை ஊசி என்றால் தோலைத் தூக்காமல் நேர் செங்குத்தாகக் குத்த வேண்டும். குத்தியதும் சிரிஞ்சின் தண்டைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் வந்தால் ஊசியை எடுத்துவிட்டு வேறு இடம். இந்த ஒரு நொடிச் சோதனையை விட்டுவிட்டுப் புரோக்கெய்ன் பெனிசிலினைத் தவறி ரத்தக்குழாயில் ஏற்றினால் மாடு அங்கேயே துள்ளி விழுந்து சாகக்கூடும்.

ஊசியின் கனத்தை கேஜ் எண் சொல்லும். எண் கூடக்கூட ஊசி மெல்லியது. கன்றுகளுக்கு 18 கேஜ் போதும். வளர்ந்த மாட்டுக்கும் எருமைக்கும் 16 அல்லது 18. ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற கெட்டி மருந்துக்கு 16 வேண்டும். மெல்லிய ஊசியில் அதைத் தள்ளப் போனால் நேரம் பிடிக்கும், மாடு துள்ளும், ஊசி வளையும். நீளம் தோலடிக்கு அரை முதல் முக்கால் அங்குலம், சதைக்கு 1 முதல் ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குல ஊசி மட்டுமே கையில் இருந்தால் தோலடிக்கும் அதைச் சாய்வாகப் பயன்படுத்தலாம். ஆனால் கன்றின் மெல்லிய கழுத்தில் அதை நேராக முழுசாக இறக்கினால் எலும்பில் இடிக்கும். இடித்தால் முனை மழுங்கி மடங்கும்.

மடங்கிய ஊசியை நிமிர்த்திப் பயன்படுத்தவே கூடாது. ஒருமுறை வளைந்த உலோகம் அதே இடத்தில் அடுத்த முறை உடைகிறது. சதைக்குள் உடைந்த ஊசி அங்கேயே நிற்காமல் தசைக்குள் நகர்ந்துகொண்டே போகும். அப்படி உடைந்துவிட்டால் அந்த இடத்தில் உடனே அடையாளம் போட்டு, மாட்டின் காதுவில்லை எண்ணோடு எழுதி வைத்து, மருத்துவரை வைத்து எடுத்தாக வேண்டும். எடுக்க முடியாத மாட்டைச் சொல்லாமல் விற்பது, யாரோ ஒருவரின் தட்டில் இரும்பு முள்ளை வைப்பதுதான்.

ஒரு இடத்தில் எவ்வளவு மருந்து என்பதில்தான் நம் ஊரில் அதிகத் தவறு நடக்கிறது. வளர்ந்த மாட்டுக்கு ஒரே இடத்தில் 10 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. கன்றுக்கு அதில் பாதிகூட அதிகம். மருந்து மிகுந்தால் இரண்டு மூன்று இடமாகப் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது 4 அங்குலம், அதாவது ஓர் உள்ளங்கை அகலம் இடைவெளி வேண்டும். கழுத்தின் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நீண்ட நாள் ஆக்ஸிடெட்ராசைக்ளின், மி.லி.க்கு 200 மி.கி. உள்ளது, கிலோவுக்கு 20 மி.கி. என்ற கணக்கில் 10 கிலோ எடைக்கு 1 மி.லி. ஆகிறது. 270 கிலோ மாட்டுக்கு 27 மி.லி. இதை ஒரே இடத்தில் தள்ளினால் அங்கே பெரிய கட்டி எழும்பும், நடுவில் இருக்கும் மருந்து உறிஞ்சப்படாமல் தேங்கும். 9 மி.லி. வீதம் மூன்று இடமாகப் போடுவதுதான் முறை.

மாட்டின் எடை தெரியாமல் மேற்படி கணக்குக்கு அர்த்தம் இல்லை. பார்த்தே எடை சொல்வது வியாபாரிக்குப் பழக்கம். மருந்துக்கு அது போதாது. தையல்காரர் நாடா ஒன்று இருந்தால் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பின்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு வரை நீளம் அளக்க வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 60 பெருக்கல் 60 பெருக்கல் 50, அதாவது 1,80,000. வகுத்தால் சுமார் 273 கிலோ. மருந்து குறைந்தால் நோய் போகாது. கூடினால் உடலிலிருந்து மருந்து நீங்க லேபிளில் சொன்னதைவிட அதிக நாள் பிடிக்கும், அதற்குப் பிறகு அந்த நாள்கணக்கை நம்ப முடியாது.

ஒரே சிரிஞ்சில் ஆன்டிபயாடிக், காய்ச்சல் மருந்து, அலர்ஜி மருந்து, பி காம்ப்ளெக்ஸ் எல்லாவற்றையும் உறிஞ்சி ஒரே குத்தில் ஏற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. விவசாயிக்கு ஒரே ஊசியில் வேலை முடிந்ததாகத் தோன்றும். உள்ளே மருந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரிந்து படியலாம். படிந்தது சதையை இன்னும் கடுமையாக அரிக்கும். எந்த மருந்து எத்தனை நாளில் நீங்கும் என்றும் சொல்ல முடியாமல் போய்விடும். மருந்துக்கு ஒரு சிரிஞ்ச், மருந்துக்கு ஓர் இடம். கால்சியம் போரோகுளுக்கோனேட் பாட்டிலைச் சதையில் ஏற்றக் கூடாது. நரம்பு ஊசியாகவோ (ரத்தக்குழாயில் ஏற்றுவது), லேபிள் அனுமதித்தால் தோலடியில் பல இடமாகவோதான்.

சுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மழையில் நனைந்த மாட்டுக்கும், சாணி அப்பியிருக்கும் தோலிலும் ஊசி போடக் கூடாது. ஈரத்தோடு கிருமி ஊசித் துளைக்குள் வழிந்து போகிறது. சீழ்க்கட்டிகளில் பல இப்படி வருபவை. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஈரத்தோடு குத்துவதைவிட, காய்ந்த சுத்தமான இடத்தைத் தேடுவது நல்லது. மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் தனியாக ஒரு புது ஊசியைச் செருகி வைத்து அதன் வழியாகவே மருந்தை உறிஞ்ச வேண்டும். மாட்டைக் குத்திய ஊசி மறுபடி குப்பிக்குள் போனால் மிச்ச மருந்து முழுவதும் கெட்டது. பண்ணைகளில் 10 முதல் 15 மாட்டுக்கு ஒருமுறை ஊசி மாற்றுவது வெளிநாட்டு வழிகாட்டுதல். நம் முகாம்களுக்கு அது போதாது. நம் ஆட்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அனாபிளாஸ்மா போல ரத்தத்தில் பரவும் நோயை ஒரே ஊசி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். ஒரு மாட்டுக்கு ஓர் ஊசி என்பதே இங்கே முறையாக இருக்க வேண்டும்.

தடுப்பூசிகளுக்கு இன்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். கோமாரித் தடுப்பூசி உறைந்துவிட்டால் வீண். உயிருள்ள தடுப்பூசியைக் கலந்த பிறகு லேபிளில் சொன்ன நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதற்கான சிரிஞ்சை டெட்டாலிலோ ஸ்பிரிட்டிலோ கழுவினால் தடுப்பூசியே செத்துப்போகும். கொதிக்க வைத்து ஆறவிடுவது போதும். 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும் போடும் புருசெல்லா தடுப்பூசி மனிதருக்கும் நோய் தரக்கூடிய உயிருள்ள கிருமி. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. தவறிக் கையில் குத்திக்கொண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தழும்பைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கறியில் தங்கும் மருந்து. மருந்துக் குப்பியின் லேபிளில் வித்ட்ராயல் பீரியட் என்று ஒரு வரி இருக்கும். கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து அத்தனை நாள் கழியும்வரை அந்த மாட்டின் பாலையோ கறியையோ உணவாக்கக் கூடாது என்பது அதன் பொருள். மருந்துச் சட்ட விதிகளில் 2012-ல் செய்த திருத்தப்படி இதை லேபிளில் அச்சிட வேண்டும். ஆய்ந்து உறுதிசெய்த காலம் இல்லாத மருந்துக்குப் பாலுக்கும் முட்டைக்கும் 7 நாள், கறிக்கு 28 நாளுக்குக் குறையக் கூடாது. பாலுக்கான 7 நாளைப் பற்றியாவது கொஞ்சம் பேச்சு இருக்கிறது. கறிக்கான 28 நாளைப் பற்றிக் கட்டுத்தறியில் யாரும் பேசுவதில்லை.

நடப்பது இதுதான். மாடு படுத்துவிடுகிறது. நான்கைந்து நாள் தொடர்ந்து ஊசி. தேறாது என்று தெரிந்ததும், போட்ட காசாவது வரட்டும் என்று வியாபாரியைக் கூப்பிடுகிறார்கள். கடைசி ஊசி நேற்றுப் போட்டதாக இருக்கும். ஊசி போட்ட இடத்தில் மருந்து கெட்டியாகத் தேங்கியிருக்கும். ஈரலிலும் சிறுநீரகத்திலும் மற்ற கறியைவிட அதிகம் இருக்கும். நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்பது பொய் ஆறுதல். என்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் நம் சமையல் சூட்டுக்கு அவ்வளவாக அழிவதில்லை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் அந்தக் கறியைச் சாப்பிட்டால் அவருக்கு ஆபத்து. தினம் கொஞ்சமாக ஆன்டிபயாடிக் உள்ளே போவதால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது ஊருக்கே ஆபத்து. விவசாயியின் நஷ்டம் எனக்குப் புரிகிறது. அதற்கு வழி மாட்டுக் காப்பீடும், சிகிச்சையைத் தொடங்கும் முன்பே இது தேறுமா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவெடுப்பதும்தான். 1962-க்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும். முதல் நாளே அழையுங்கள்.

மருந்தைப் போடும் வழி மாறினால் அது நீங்கும் காலமும் மாறும் என்பது பலருக்குத் தெரியாது. ஃப்ளூனிக்சின் என்ற காய்ச்சல், வலி மருந்தை ஊசியாகப் போடுவதானால் அமெரிக்காவில் மாட்டுக்கு நரம்பு ஊசியாக மட்டுமே அனுமதி. அப்படிப் போட்டால் கறிக்கு 4 நாள். அதையே சதையில் போட்டால் 4 நாள் என்ற கணக்கு செல்லாது. சதையும் கெடும், மருந்தும் நாள்கணக்கில் தங்கும். தோலடியில் போடும் ஐவர்மெக்டினுக்கு அங்கே கறிக்கு 35 நாள். பூச்சி மருந்துதானே என்று சந்தைக்குப் போகும் வாரத்தில் இதைப் போட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலி மருந்துகளில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டமாக மடிந்ததால், 2006-ல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015-ல் மனிதருக்கான ஊசியும் 3 மி.லி.யாகச் சுருக்கப்பட்டது. 2023-ல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைகளுக்குத் தடையாயின. மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகள் நம் மாநிலத்தின் சொத்து. வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது. தடை செய்த மருந்தை நாடத் தேவையே இல்லை.

ஆட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் தொடைக்கறிக்கு இருக்கும் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்கு ஊசி போடுபவர் பின்னங்காலைத் தூக்கிப் பிடித்துக் குத்துவதும் அந்தத் தொடையில்தான். ஆட்டுக்கும் கழுத்துதான் இடம். 20 கேஜ் ஊசி, ஓர் இடத்தில் 5 மி.லி.க்கு மேல் வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி 1 மி.லி., அதுவும் தோலடிதான். பக்ரீத்துக்கு ஆடு வளர்ப்பவர்கள் பண்டிகை நாளிலிருந்து 28 நாளைப் பின்னோக்கி எண்ணி நாள்காட்டியில் கோடு போட்டுக்கொள்ளட்டும். குடற்புழு மருந்தானாலும் ஊசியானாலும் அந்தக் கோட்டுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். லேபிளில் 28-க்கு மேல் போட்டிருந்தால் கோடு இன்னும் முன்னே நகரும். கோட்டுக்குப் பின் நோய் வந்த ஆட்டுக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றி, அடுத்த ஆண்டுக்கு நிறுத்திவிட வேண்டும்.

கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சில வேண்டுகோள்கள். முகாம் பதிவேட்டில் மாட்டின் 12 இலக்கக் காதுவில்லை எண்ணும் தடுப்பூசித் தொகுதி எண்ணும் எழுதுவதோடு, ஊசி போட்ட இடம், வழி என்று இரண்டு கட்டம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். எழுத வேண்டும் என்று வந்துவிட்டாலே கை கழுத்துக்குப் போகும். சிகிச்சைச் சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே, இன்ன தேதிக்குப் பிறகே பால், இன்ன தேதிக்குப் பிறகே கறி என்று தமிழில் எழுதித் தர வேண்டும். நாள் எண்ணிக்கையாக எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று குழப்பம் வரும். மாடு விற்கும்போது அந்தச் சீட்டு மாட்டோடு போக வேண்டும். சந்தை நுழைவுச் சீட்டு தரும் இடத்திலேயே, கடைசி ஊசி எப்போது, என்ன மருந்து என்ற ஒரு கேள்வியைக் கேட்டு எழுதிக்கொள்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் குப்பியைக் கால்நடைக்கு என்று விற்பதையும் நிறுத்தியாக வேண்டும். ஊசி போடக் கற்றுக்கொண்டவர்கள் கையில் அந்தக் குப்பி கிடைக்கும்வரை மேலே சொன்னவை அத்தனையும் காகிதத்தில்தான் இருக்கும்.

இறைச்சிக்கூடங்களில் பரிசோதனை செய்யும் மருத்துவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கறியில் தழும்போ சீழ்க்கட்டியோ கண்டால் வெட்டி எறிவதோடு விடாதீர்கள். உடலின் எந்தப் பகுதியில், எவ்வளவு பெரியது, காதுவில்லை எண் என்ன என்று குறித்து, மாடு வந்த ஊரின் மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். அமெரிக்காவில் தழும்புகள் குறையத் தொடங்கியது, அறுத்த இடத்தில் கண்டது பண்ணைக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்த பிறகுதான். தான் போட்ட ஊசி என்ன செய்தது என்பதை இங்கே ஊசி போட்டவர் ஒருபோதும் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்,
ஈரோடு மாவட்டம்.